அழைப்பிதழில் பேரில்லாத கம்பெனி

போன மாதம் ஷைனி போன் செய்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஏழு வருடம் எனக்குப் பக்கத்துக் கவுண்டரில் நின்றவள். “அக்கா, நம்ம கம்பெனிக்க பேர அழிக்கிறாங்க கேட்டியளா? எல்லாப் பிளேனுக்கும் பெரிய கம்பெனி பெயிண்ட் அடிச்சாச்சு. புதுசா வந்த பிள்ளைகளுக்கு இப்பிடி ஒரு கம்பெனி இருந்ததே தெரியல்ல. நீங்க எதாவது எழுதித் தாங்க, டிரெயினிங்ல வாசிச்சுக் காட்டுதேன்” என்றாள்.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க் கடிகாரமும் அரைக் கிலோ அல்வாவும் கொடுத்து அனுப்பினார்கள். அதோடு தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் ஷைனி கேட்டால் மறுக்க முடியாது. அதனால் இதை எழுதுகிறேன். டிரெயினிங்கில் வாசிக்க ஏற்றதாக இருக்குமா என்பதை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

நான் சிதறால் பக்கத்துக்காரி. பேர் கிளாடிஸ். மார்த்தாண்டத்தில் ஒரு டிராவல் ஏஜென்சியில் பதினாறு வருடம் டிக்கெட் எழுதிவிட்டு, 2004-ல், நாற்பத்தைந்து வயதில், அந்தச் சின்ன விமானக் கம்பெனியில் சேர்ந்தேன். அந்த வயதில் சீருடை மாட்டி லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு பஸ் ஏறியதைப் பார்த்து ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. ஆறு வாரம் பயிற்சி. ஊர்களுக்கு மூன்றெழுத்துக் குறி, பெட்டிக்குச் சீட்டுக் கட்டுவது, கத்துகிற பயணியிடம் கத்தாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை.

கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்கே ஒரு பெரிய நகரத்தில் ஒரு பெரிய விமானக் கம்பெனி. அவர்களுடைய பெரிய விமானங்கள் உலகத்தின் பெரிய ஊர்களுக்கெல்லாம் போகும். திருவனந்தபுரம் மாதிரி ஊருக்குப் பெரிய விமானம் கட்டுப்படியாகாது. அதற்காக ஒரு சின்னக் கம்பெனியை உண்டாக்கி, சின்ன விமானங்களைக் கொடுத்து, “நீ போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் சேர்” என்று விட்டார்கள். அந்தச் சின்னதுதான் நாங்கள். பெரிய கம்பெனியோ வேறு நாட்டுக் கம்பெனிகள் பலவற்றோடு சேர்ந்து ஒரு கூட்டணியில் இருந்தது. ஒரே டிக்கெட்டில் உலகைச் சுற்றலாம், ஒருவர் விமானம் நின்றுபோனால் இன்னொருவர் ஏற்றிக்கொள்வார் என்று விளம்பரம் செய்வார்கள்.

அந்தக் கூட்டணியில் நாங்கள் இருந்தோமா இல்லையா என்பது எங்களுக்கே தெளிவில்லை. தேர்தல் நேரத்தில் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கிற குட்டிக் கட்சி மாதிரி ஒரு நிலைமை. டிக்கெட்டில் பெரிய கம்பெனியின் பேர், பெரிய கம்பெனியின் விமான எண். அதற்குக் கீழே பொடி எழுத்தில் எங்கள் பேர். ஷைனி அப்போதே சொல்வாள்: “அண்ணன் வீட்டுக் கல்யாணத்துல தம்பிக்கு எல உண்டு, அழைப்பிதழ்ல பேரு இல்ல.”

இதனால் தினமும் ஒரு கூத்து நடக்கும். கருங்கல்லிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வேன் பிடித்துக் குடும்பமே வரும். டிக்கெட்டில் இருக்கிற பெரிய பேரைப் போர்டில் தேடுவார்கள். காணாது. ஏஜெண்ட் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு மாமன் போனில் ஏச ஆரம்பிப்பார். நான் வெளியே போய், “இதுதான் அது” என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள். நம்பிய பிறகு வழியனுப்பு ஜெபம் நடக்கும். கூட வந்த பாஸ்டர் கண்ணை மூடினால் ஆதாம் ஏவாளில் தொடங்கி பைலட் வரைக்கும் வந்துதான் முடிப்பார். கவுண்டர் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல், “பாஸ்டர், மிச்சத்த ஆளு போன பெறவு செய்யுங்க, ஆமென் சொல்லுங்க” என்று கத்திவிட்டேன். நானும் சபைக்குப் போகிறவள்தான். பாஸ்டர் ஆமென் சொன்னார். அதற்கப்புறம் எங்கள் சபையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது.

எங்கள் ஸ்டேஷன் மேனேஜர் குரியன் சார், கோட்டயத்துக்காரர். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுவார். அந்தப் பென்சிலை பிளேடால் சீவுவார். சீவிய தூளை ஒரு காகிதத்தில் சேர்த்து மடித்துக் குப்பையில் போடுவார். யார் எதைக் கேட்டுப் போனாலும் முடியும் என்றோ முடியாது என்றோ சொல்லமாட்டார். “எவிடெ எழுதியிருக்கு?” என்று கேட்பார். எங்கே எழுதியிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தைக் காட்டினால் நடக்கும். காட்டாவிட்டால் பென்சில் சீவப் போய்விடுவார். நாங்கள் எல்லாரும் அவரைக் கல்நெஞ்சன் என்று நினைத்தோம். நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

பெரிய கம்பெனியின் ஊரில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனபோது, கூட்டணியின் முத்திரை போட்ட சின்ன பேட்ஜ் ஒன்றை எல்லாருக்கும் கொடுத்தார்கள். நான் அதைச் சீருடையில் குத்திக்கொண்டேன். குரியன் சார் பார்த்தார். “இது குத்தணும்னு எவிடெ எழுதியிருக்கு?” என்றார். “குத்தக் கூடாதுன்னும் எழுதியிருக்கல்ல சார்” என்றேன். அவர் பென்சில் சீவப் போய்விட்டார். எனக்கு அதில் ஒரு பெருமை. உலகத்துப் பெரிய கம்பெனிகள் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்ட மாதிரி அந்தப் பேட்ஜோடு மூன்று வருடம் நின்றேன்.

இனி சொல்லப்போவது 2009-ல் நடந்தது. கணவாய் மீன் சீசன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஜெரோம் என்று ஒருவன் ஆபீசுக்கு வந்தான். கருங்கல்லுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன், முப்பது வயதிருக்கும். முந்தின நாள் சாயங்காலம் அப்பா இறந்துவிட்டார். தங்கச்சி லீமா நியூசிலாந்தில் நர்ஸ். நாலு வருடமாக ஊருக்கு வரவில்லை. மீன்பிடி வள்ளத்தை விற்று அவளைப் படிக்க வைத்தவர் அந்த அப்பா. அவள் வந்து முகம் பார்க்க வேண்டும்.

“எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டுக்கா. சாவு விழுந்தா அடக்கம் முடியிறது வரைக்கும் ஊரு கடலுக்குப் போவாது. நேத்து ராத்திரிலேருந்து அம்புட்டு வள்ளமும் கரையில கெடக்கு. கணவாய் அள்ளுத நேரம். நாளைக்கு நாலு மணி வரைக்கும் பொறுக்கோம்னு ஊர்க் கமிட்டில சொல்லிருக்காவ. அதுக்கு மேல கேக்க எனக்கு வாயில்ல.”

அவனிடம் இரண்டு வழி இருந்தது. மும்பை வழியாக வேறு கம்பெனியில் வந்தால் புதன் மதியம் ஒரு மணிக்குத் திருவனந்தபுரம். பெரிய கம்பெனியில் வந்து எங்கள் விமானத்தில் மாறினால் காலை பத்தரை. அவனுக்கு எங்கள் விமானத்தின் மேல் நம்பிக்கை இல்லை.

“இது சின்ன பிளேனுதான? கேன்சலாச்சுன்னா?”

நான் பேட்ஜைத் தொட்டுக் காட்டினேன். “மக்கா, இது என்னன்னு தெரியுமா? உலகம் முழுக்க எங்களுக்குக் கூட்டாளி இருக்கு. ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஏத்தி விடும். தைரியமா எடு.”

அவன் எடுத்தான். என் வார்த்தையை நம்பித்தான் எடுத்தான்.

புதன்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு, டெலெக்ஸ் என்று நாங்கள் சொல்லும் கம்ப்யூட்டர்ச் செய்தி வந்தது. எங்கள் விமானத்தில் இயந்திரக் கோளாறு, இன்றைக்கு இல்லை, பயணிகளுக்கு ஓட்டல், அடுத்தது வெள்ளிக்கிழமை. எங்கள் விமானம் வாரத்தில் மூன்று நாள்தான். ஆனாலும் பயப்படவில்லை, கூட்டணி இருக்கிறதே! கூட்டணிக் கம்பெனி ஒன்றின் விமானம் இரண்டே முக்கால் மணி நேரத்தில் லீமா விமானம் மாற வேண்டிய ஊரிலிருந்து சென்னைக்குக் கிளம்புகிறது, இடமும் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்தேன். லீமாவை அதில் மாற்றும்படி பெரிய கம்பெனிக்குச் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. நின்றுபோன விமானத்தை ஓட்டுகிற கம்பெனி கூட்டணியில் உறுப்பினர் இல்லை. ஆகவே கூட்டணி விதி பொருந்தாது. பயணி வெள்ளிக்கிழமை வருவார்.

மூன்று தடவை வாசித்தேன். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, நாங்கள் அந்தக் கூட்டணியில் இல்லை என்று.

வெளியே வாசலில் ஜெரோம் தங்கச்சியை அழைத்துப் போக விடியற்காலையிலேயே கார் கொண்டுவந்து, சவரம் செய்யாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தான். போர்டில் சிவப்பு எழுத்து வந்ததை அவன் பார்த்துவிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தான். நான் கையைக் காட்டி நிற்கச் சொல்லிவிட்டு, குரியன் சார் அறைக்கு ஓடினேன்.

அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. சாவு, கடலுக்குப் போகாத ஊர், நாலு மணி, நான் சொன்ன வார்த்தை, காட்டிய பேட்ஜ் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அந்தப் பேட்ஜைக் கழற்றி அவர் மேஜையில் வைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

“கிளாடிஸ், நாம மெம்பர் அல்ல. அதில் அவங்க சொல்றது சரி. விடு. அந்தப் பெண்ணோட டிக்கெட் யாருடையது?”

“பெரிய கம்பெனியுடையது சார். நம்பரும் அவிய நம்பர்தான்.”

“அப்போ அவள் யாரோட பயணி? அது எவிடெ எழுதியிருக்கு, நோக்கலாம்.”

அலமாரியிலிருந்து மஞ்சள் ஃபைலை எடுத்தார். பெரிய கம்பெனியும் சின்னக் கம்பெனியும் செய்துகொண்ட ஒப்பந்தம். நாற்பது பக்கத்துக்கு மேல் இருக்கும். அத்தனை வருடத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. அவர் கட்டைப் பிரித்துப் பாதியை என்னிடம் கொடுத்தார். இருவரும் மேஜையின் இரண்டு பக்கம் நின்றபடியே வாசித்தோம். எரிபொருள், துடைப்பம், சீருடை என்று என்னென்னவோ எழுதியிருந்தது. கடிகாரத்தைப் பார்க்காமல் வாசி என்றார். ஆனால் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

என் பாதியில்தான் அது கிடைத்தது. பெரிய கம்பெனியின் விமான எண்ணில் டிக்கெட் விற்கப்பட்ட பயணி, எந்தக் கட்டத்தில் பயணம் தடைபட்டாலும், போய்ச் சேரும் வரைக்கும் பெரிய கம்பெனியின் பயணியாகவே நடத்தப்பட வேண்டும். இரண்டு வரி. குரியன் சார் என் கையிலிருந்து வாங்கி இரண்டு தடவை வாசித்தார். பிறகு உட்கார்ந்து, “செய்தி எழுது” என்றார்.

நான் எழுதினேன். தகப்பன் இறந்துவிட்டார், மகள் தவிக்கிறாள், தயவுசெய்து உதவுங்கள் என்று பாதிக் கடிதம் எழுதிவிட்டேன். அவர் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்தார். தயவுசெய்து என்பதை அடிக்கும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

“தயவு கேட்டா, இல்லைன்னு சொல்ல அவனுக்கு அதிகாரம் உண்டு. பக்கத்தையும் வரியையும் சொன்னா அவன் எங்கே போவான்?”

கடைசியில் மிஞ்சியது நாலு வரி. பயணியின் பேர், டிக்கெட் எண், ஒப்பந்தத்தின் பக்கம், ஏற்ற வேண்டிய விமானம். வேறு கம்பெனியில் ஏற்றிவிட எழுதுகிற காகிதத்துக்கு நாங்கள் ஃபிம் என்போம். அதைப் பெரிய கம்பெனியே உடனே எழுத வேண்டும் என்று முடித்தார். கீழே ஸ்டேஷன் மேனேஜர் என்று போடாமல் தன் முழுப் பேரைப் போட்டார். அனுப்பக் கொடுக்கும் முன்னால், திரும்ப வாங்கி ஒரு வரி சேர்த்தார். இவள் மகள். அடக்கம் இன்றைக்கு. அதற்கு எந்தப் பக்கமும் இல்லை. அவரைக் கல்நெஞ்சன் என்று சொன்ன என் வாயைக் கழுவ வேண்டும் என்று தோன்றியது.

பதில் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. அந்த இருபத்திரண்டு நிமிடமும் சார் பென்சிலைத் தொடவில்லை. சம்மதம், ஃபிம் கொடுத்தாயிற்று, பயணி ஏறுகிறார் என்று வந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

“கரையாதே. சென்னையிலிருந்து இவிடெ எப்படி வருவாள், அதை நோக்கு” என்றார். கரையாதே என்றால் மலையாளத்தில் அழாதே. சென்னையிலிருந்து வருகிற விமானத்தில் இடம் இல்லை. அங்கே அவருக்குப் பழைய சிநேகிதர் ஒருவர் உண்டு. முதல் தடவையாக அவர் ஒருவரிடம் எழுத்தில் இல்லாததைக் கேட்பதைப் பார்த்தேன். முகம் சிவந்து போயிருந்தது. இடம் கிடைத்தது. மூன்றே ஐம்பத்தைந்துக்கு இங்கே இறங்குவாள்.

வெளியே போய் ஜெரோமிடம் சொன்னேன். ஊர் போய்ச் சேர எப்படியும் ஐந்தே முக்கால் ஆகும்.

“நாலு மணின்னுதானக்கா ஊர்ல சொல்லியாச்சு. நீங்க சொல்லித்தான எடுத்தோம். மும்பை வழியா வந்திருந்தா ஒரு மணிக்கு வந்திருப்பாளே!” அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

“நீ ஊருக்குப் போ மக்கா. போய்க் கமிட்டில கேளு. அவள நான் கொண்டு வாறேன்.”

“கேக்க வாயில்லன்னு சொன்னேனே.”

“இருந்தாலும் கேளு.”

அவன் போனான். நான் குரியன் சாரிடம் அரைநாள் லீவு கேட்டேன். “லீவு எதுக்கு? பயணி போய்ச் சேரல்லையே. நீ டியூட்டியில் தான்” என்றார்.

லீமா இறங்கி வந்தபோது தடித்த குளிர்க் கோட்டும் தோளில் ஒரு பையும்தான் இருந்தது. பெட்டி எங்கேயோ தங்கிவிட்டது. அதை அவள் கேட்கவே இல்லை. நான் பிடித்து வைத்திருந்த டாக்சியில் ஏறினாள். களியக்காவிளை நெரிசலில் நின்றபோது, “அப்பாக்கு என்ன சட்ட போட்டிருக்காவன்னு தெரியுமா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. “நான் அனுப்புன நீலச் சட்ட போட்டிருப்பாவளா இருக்கும்” என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஜெரோமுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. அடக்கம் நடந்துகொண்டிருக்கும் என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது.

கருங்கல் தாண்டி மேற்கே திரும்பியதும் அவள் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். “பெட்டி எடுத்தா கல்லறைக்குப் போவுறது வரைக்கும் துக்கமணி அடிப்பாவ. ரெண்டு கிலோமீட்டருக்குக் கேக்கும்” என்றாள். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். காற்றுச் சத்தம்தான் வந்தது. மணி ஐந்து ஐம்பது. மணியோசை இல்லை என்றால் முடிந்துவிட்டது என்றுதான் எடுக்க வேண்டும். அவள் கோட்டை இறுகப் பிடித்தபடி முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். முந்தின நாள் அவ்வளவு பேசிய என்னால், டிரைவரிடம் வேகமாகப் போகச் சொல்ல மட்டும்தான் முடிந்தது.

ஊரின் கத்தோலிக்கக் கோவில் பக்கம் திரும்பியதும் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டான். மேலே போக வழியில்லை. தெரு நிறைய ஆட்கள். கரையில் வள்ளங்கள் வரிசையாக ஏற்றியபடி கிடந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. கோவில் முற்றத்தில் பந்தல், அதன் கீழே பெட்டி, மூடி போடாமல். பங்குச் சாமியார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரமாக ஊரே அப்படிக் காத்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

கமிட்டித் தலைவர் வயதானவர், வெள்ளைச் சட்டைக்கு மேலே துண்டு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து லீமாவின் கையைப் பிடித்தார். அவள், “மாமா, ஊரு கடலுக்குப் போவாம…” என்று ஆரம்பித்தாள்.

“கணவாய் நாளைக்கும் கெடைக்கும் மக்களே. அப்பனுக்க மொகம் கெடைக்காது. போ, போய்ப் பாரு.”

அவள் ஓடினாள். பெட்டிக்குப் பக்கத்தில் அவள் அம்மா போட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீலச் சட்டைதான் போட்டிருந்தார்கள்.

நான் கூட்டத்துக்கு வெளியே, மதிலோரம் நின்றேன். சீருடையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கோவில் மணி அடிக்கத் தொடங்கியது. ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஜெரோம் ஒரு கட்டு மெழுகுதிரியோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தான். என்னிடம் வந்ததும் நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் வீட்டுக்குப் போக என்னால் முடியாது.

“ஜெரோம், நேத்து நான் சொன்னது தப்பு. நாங்க அந்தக் கூட்டணியில இல்ல. தெரியாமச் சொன்னேன். ஒரு தாளுல ரெண்டு வரி இருந்ததுனால வந்து சேந்தா. இல்லன்னா இப்பவும் அங்கதான் இருந்திருப்பா.”

அவன் கண் வீங்கியிருந்தது. நான் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு திரியைப் பற்றவைத்து என் கையில் வைத்தான்.

“வெளிய நிக்காதீங்கக்கா. வீட்டுப் பொம்பளையாளுகளுக்க கூட வாருங்க.”

எங்கள் சபையில் திரி பிடிக்கிற வழக்கம் இல்லை. லீமாவின் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் விட்டார்கள். அங்கே போய் நின்றேன். கடல் காற்று பலமாக அடித்தது. கல்லறை வரைக்கும், இன்னொரு கையால் மறைத்துப் பிடித்து, அந்தத் திரியை அணையவிடாமல் கொண்டுபோனேன்.